'கூலி' என்ற சொல் பட்ட பாடு



பரிசளிப்பு விழா மலருக்கு ஆசிரியர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்பது வழக்கம். இவ்வாண்டு மன்னர்களின் வரலாற்றையோ கோட்டை கொத்தளங்களின் வரலாற்றையோ நான் எழுதப் போவதில்லை. ஒரே ஒரு சொல்லின் வரலாற்றை எழுதுகிறேன். அதற்குக் காரணம் வகுப்பில் நடந்த ஒரு சின்னச் சண்டை.

2025 ஆகஸ்டு மாதம் ரஜினிகாந்த் நடித்த 'கூலி' படம் வெளிவந்தது. அதன் பிறகு ஐந்தாம் ஆண்டுப் பையன்கள் ஓய்வு நேரத்தில் ஒருவரையொருவர் "டேய் கூலி!" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்படிக் கூப்பிட்டால் சிலர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்கள். ஒரு மாணவன் மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"டீச்சர், இவன் என்னைக் கூலின்னு கூப்பிடுறான். அது கெட்ட வார்த்தை, வாயால சொல்லக் கூடாதுன்னு எங்க பாட்டி சொல்லியிருக்காங்க."

கூப்பிட்டவனை விசாரித்தேன். அவனிடமும் நியாயம் இருந்தது. "படத்தோட பேருதானே டீச்சர்? கெட்ட வார்த்தையப் போயி யாராச்சும் படத்துக்குப் பேரா வைப்பாங்களா?"

இருவரையும் சமாதானம் செய்து அனுப்பினேன். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. 'கூலி' நல்ல சொல்லா, கெட்ட சொல்லா? அன்று வீட்டுக்குப் போய் அகராதிகளையும் வரலாற்று நூல்களையும் எடுத்துப் புரட்டினேன். கண்டதை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

தமிழில் கூலி

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். தமிழில் கூலி என்பது ஓர் ஆளின் பெயர் அன்று. உழைத்தவனுக்குச் சேர வேண்டிய ஊதியத்தின் பெயர் அது. வண்டிக்கூலி, சுமைகூலி, தையற்கூலி, அரைவைக்கூலி என்று அன்றாடம் சொல்கிறோம். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் நகை வாங்கப் போகும் தாய்மார்கள், "செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு?" என்று கேட்காமல் கடையை விட்டு வருவார்களா? நகையைச் செய்த ஆசாரியின் கைத்திறனுக்குக் கொடுக்கும் மதிப்பே செய்கூலி.

திருவள்ளுவரும் இச்சொல்லைக் கையாண்டிருக்கிறார். ஆள்வினையுடைமை அதிகாரத்தில் 619-ஆம் குறளைப் பாருங்கள். ஊழ் கைகொடுக்காமல் போனாலும், உடல் வருந்த உழைத்த முயற்சி அந்த வருத்தத்துக்குரிய கூலியைக் கொடுக்கும் என்பது அதன் கருத்து. இங்கே கூலி என்பது எவ்வளவு உயர்ந்த இடத்தில் இருக்கிறது! தெய்வம் கைவிட்டாலும் கைவிடாத ஒன்றாக அதை வள்ளுவர் வைத்திருக்கிறார்.

ஊதியம், சம்பளம், வேதனம் என்று இதற்கு ஒத்த சொற்கள் பல உண்டு. ஊதியம் என்பதற்கு இலாபம், பயன் என்ற பொருளும் சேர்ந்து வரும். சம்பளம் என்றால் மாதக் கணக்கு நினைவுக்கு வருகிறது. கூலி என்றாலோ அன்றைய உழைப்புக்கு அன்றைய பணம்.

தமிழிலும் இச்சொல்லுக்குக் கறுப்பு நிழல் இல்லாமல் இல்லை. லஞ்சத்துக்குக் கைக்கூலி என்று பெயர். காசு வாங்கிக்கொண்டு பிறரை அடிக்கும் கூட்டத்துக்குக் கூலிப்படை என்று பெயர். மனம் ஒட்டாமல் வேலை செய்தால், 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்கிறோம். ஆனால் இவற்றிலெல்லாம் பழி நேர்மையாக உழைக்காதவனுக்கே போகிறது. உழைத்து வாங்கிய கூலியைத் தமிழ் எந்த இடத்திலும் பழிக்கவில்லை.

ஆங்கிலத்தில் ஏறிய கதை

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் வாணிகம் செய்ய வந்த ஐரோப்பியர்கள் நம் கடற்கரைத் துறைமுகங்களில் மூட்டை இறக்கவும் ஏற்றவும் ஆள் தேடினார்கள். அந்த ஆட்களைக் குறிக்கவே இச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைத் தொகுத்து ஹென்றி யூல், ஏ. சி. பர்னல் என்ற இருவர் 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதியை 1886-இல் வெளியிட்டார்கள். 'கூலி'க்கு அதில் இரண்டு மூலங்கள் பேசப்படுகின்றன. ஒன்று, குஜராத் பகுதியில் வாழும் கோலி என்ற மக்களின் பெயர். மற்றொன்று, நம் தமிழ்க் கூலி. அறிஞர்கள் இன்னும் இரண்டையுமே சொல்லி வருகிறார்கள். ஆகவே, 'முழுக்க முழுக்கத் தமிழ்ச் சொல்லே' என்று நாம் மார்தட்ட வேண்டாம். இரண்டும் கலந்திருக்கலாம்.

வேர் எதுவானாலும், ஆங்கிலத்தில் ஏறியதும் பொருள் தலைகீழாகிவிட்டது என்பது வெள்ளிடை மலை. தமிழில் ஆள் கூலியை வாங்குகிறான். ஆங்கிலத்தில் ஆளே கூலி ஆகிவிட்டான். அவன் கைக்கு வர வேண்டிய பணத்தின் பெயரை எடுத்து அவன் நெற்றியில் ஒட்டிவிட்டார்கள். அதன் பிறகு அவனுக்கென்று தனியாக ஒரு பெயர் தேவைப்படவில்லை.

அந்த மொழியில் இது புதிய பழக்கமும் அன்று. வேலையாளை 'ஹேண்ட்', அதாவது 'கை' என்று சொல்வது ஆங்கிலத்தில் உண்டு. வேலை செய்யக் கை இருந்தால் போதும், மனிதன் வேண்டியதில்லை என்பது போல! நம் தோட்டங்களிலும் இதற்கு ஈடு இருந்தது. கங்காணி கொண்டுவந்த ஆட்கள் வேலைக்கு நிற்கும் நாளுக்கெல்லாம் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம் கிடைத்தது. அதற்குத் தலைக்காசு என்று பெயர். கையை எண்ணினார்கள், தலையை எண்ணினார்கள். ஆளைக் கணக்கில் எடுக்கவில்லை.

கடல் கடந்த சொல்

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறி, 1834 ஆகஸ்டு 1-இல் நடப்புக்கு வந்தது. அடிமைகள் விடுதலையானால் கரும்புத் தோட்டத்தில் யார் வேலை செய்வது? முதலாளிகளின் கண் இந்தியாவின் மேல் விழுந்தது. 1834 நவம்பர் 2-இல் 'அட்லஸ்' என்ற கப்பல் இந்தியத் தொழிலாளர்களை மொரீஷியசில் கொண்டுபோய் இறக்கியது. 1838-இல் தென் அமெரிக்காவின் கயானாவுக்கும், 1860-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும், 1879-இல் பிஜித் தீவுக்கும் கப்பல்கள் சென்றன. 1860 நவம்பர் 16-இல் நேட்டால் கரையை அடைந்த 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது. பெரும்பாலும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துப் போன இவர்கள் எல்லாருக்கும் ஒரே பெயர்தான் கிடைத்தது. கூலி!

அந்தப் பெயர் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1893-இல் காந்தியடிகள் வழக்கு விஷயமாகத் தென்னாப்பிரிக்கா போனார். அவர் இலண்டனில் படித்துப் பட்டம் பெற்ற பாரிஸ்டர். அப்படியும் அங்கே அவரைக் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். இந்திய வணிகர் கூலி வணிகரானார். தோளில் சுமை இருக்கிறதோ இல்லையோ, இந்தியனாகப் பிறந்தவன் எல்லாம் கூலி!

அங்கே இந்தியரைச் 'சாமி' என்றும் கூப்பிட்டார்கள். முத்துசாமி, இராமசாமி என்ற நம் பெயர்களின் கடைசிப் பகுதிதான் அது. அப்படிக் கூப்பிட்ட வெள்ளைக்காரர்களிடம் சில இந்தியர்கள், 'சாமி என்றால் தலைவன் என்று பொருள், நான் உமக்குத் தலைவன் அல்லவே' என்று சொல்வதுண்டு எனக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார். சொல்லின் பொருள் தெரிந்தவனுக்கு எதிராளியின் வாயை அடைக்கும் பலம் வந்துவிடுகிறது, பார்த்தீர்களா?

சீன மொழியிலும் இச்சொல் நுழைந்தது. அதை எழுதச் சீனர்கள் எடுத்துக்கொண்ட இரண்டு எழுத்துகளில் ஒன்றுக்குக் கசப்பு அல்லது துன்பம் என்றும், மற்றொன்றுக்கு வலிமை என்றும் பொருள். ஒலிக்காக எடுத்த எழுத்துகள் உண்மையையும் சொல்லிவிட்டன. மலாயில் இன்றும் 'கூலி' உண்டு. நம் மூன்று இனத்தாரின் பாட்டன்மாரும் இந்தச் சொல்லைச் சுமந்தவர்கள் என்றால் அது மிகையன்று.

மலாயாவில் முதலில் ஒப்பந்த முறை இருந்தது. அதை 1910-இல் நிறுத்தினார்கள். அதன் பிறகு கங்காணி முறையே ஓங்கியது. கப்பல் கட்டணம் முதலியவற்றுக்காக 1907-இல் முதலாளிகளிடம் பணம் வசூலித்து ஒரு குடியேற்ற நிதியும் ஏற்படுத்தப்பட்டது. பினாங்கிலும், இன்று கிள்ளான் துறைமுகம் என்கிற அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமிலும் கப்பல்கள் வந்து நின்றன. வந்தவர்களை முகாமில் அடைத்து வைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள்.

பாட்டியின் பிறப்புப் பத்திரம்

சுங்கை பூலோ என்றால் மூங்கில் ஆறு என்று பொருள். மூங்கில் வளர்ந்த மண்ணில் ரப்பர் வந்தது. 1925-இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய சோதனைத் தோட்டம் இங்கேதான் இருந்தது. சுற்றிலும் தோட்டங்கள், தோட்டங்களில் லயங்கள். அந்த 'லயம்' என்ற சொல்லே வரிசையைக் குறிக்கும் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான். வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு ஆங்கிலத்தில் 'கூலி லைன்ஸ்' என்று பெயர். நாம் 'கூலி'யை ஆங்கிலத்துக்குக் கொடுத்தோம். அது நமக்கு 'லய'த்தைத் திருப்பிக் கொடுத்தது!

என் பாட்டி இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். நான் இடைநிலைப் பள்ளியில் படித்தபோது ஒரு நாள் தம் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார். தந்தையின் பெயர், தாயின் பெயர் எல்லாம் வாசித்தேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் 'கூலி' என்றிருந்தது. அதையும் வாசித்துவிட்டேன்.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்கப்பா ஒரு நாளைக்கு நானூறு மரம் வெட்டுவாரு. பட்டை காயம் படாம அவரு வெட்டுற அழகப் பாத்து மத்தவங்க கத்துக்குவாங்க. பால்மரம் வெட்டுறவருன்னு எழுதக் கூடாதா? கூலின்னா அது வாங்குற காசு. அது ஒரு வேலையாம்மா?"

எந்த அகராதியும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. வகுப்பில் அழுத பையனின் பாட்டி அந்தச் சொல்லை ஏன் வெறுத்தார் என்பதும் இப்போது புரிகிறது அல்லவா? பெரட்டுக் களத்தில் பேர் சொல்லாமல் அதட்டிக் கூப்பிட்ட குரல் அந்தத் தலைமுறையின் காதில் இன்னும் இருக்கிறது.

கூலி கேட்டவர்கள்

1920-களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளின் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக நிர்ணயம் ஆகியிருந்தது. 1930-இல் ரப்பர் விலை விழுந்ததும் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பெண்ணின் கத்தி மட்டும் மழுங்கியா இருந்தது? அந்தக் கேள்வியை அன்று யார் கேட்பது!

1938-இல் இந்திய அரசாங்கம், உதவிப் பயணத்தில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. 1941-இல் நம் பக்கத்துக் கிள்ளானிலேயே பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார்.

அவர்கள் கேட்டவை என்னென்ன? சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களை இழிவுபடுத்துவதற்கு முடிவு, சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரைமாரும் கிராணிமாரும் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போகும் உரிமை!

மாணவர்களே, இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சைக்கிளில் இருந்து இறங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி. காசு செலவா? ஒரு காசும் இல்லை. ஆனால் அந்த ஒரு நொடியில்தான் மனிதன் 'கூலி' ஆனான். கூலியை உயர்த்திக் கொடு, ஆனால் எங்களைக் கூலி ஆக்காதே என்பதே அவர்கள் வைத்த கோரிக்கையின் சாரம் என்று நான் கருதுகிறேன்.

1941 மே மாதம் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் துறந்தார்கள். போராட்டம் அடக்கப்பட்டது. ஆனால் சொல் அடங்கவில்லை. 1954-இல் பல சங்கங்கள் ஒன்றுபட்டுத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி. பி. நாராயணன் அதனை வழிநடத்தினார். அதன் பெயரில் 'தொழிலாளர்' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். தொழிலை ஆள்பவர் தொழிலாளர். பிறர் ஒட்டிய பெயரைக் கிழித்துப் போட்டுவிட்டு, நம்மவர்கள் தாமே தமக்கு வைத்துக்கொண்ட பெயர் இது.

சொல் மாறினால் போதுமா?

இன்று ஆங்கில அகராதிகள் 'கூலி' என்ற சொல்லின் பக்கத்தில் 'இழிவுபடுத்தும் சொல்' என்று எச்சரிக்கை போடுகின்றன. தென்னாப்பிரிக்காவிலும் கயானா, டிரினிடாட் பகுதிகளிலும் ஓர் இந்தியரை அப்படி அழைப்பது பெரும் வசை. இந்திய ரயில் நிலையங்களில் சிவப்புச் சட்டையுடன் சுமை தூக்குவோரை இனி 'சகாயக்', அதாவது உதவியாளர் என்று அழைப்போம் என 2016-இல் அந்நாட்டு ரயில்வே வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள்.

பெயர் மாறுவது நல்லதே. ஆனால் சுமை அதேதான், பணம் அதேதான் என்றால், பெயர் மாறி என்ன பயன்? மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. பால் வெட்டாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. தொழிலாளி என்று மரியாதையாக அழைக்கப்பட்ட காலத்திலும் எங்கள் வீட்டில் மழைக்காலம் பசிக்காலமாகவே இருந்தது. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடப்புக்கு வந்தது 2013-இல்தான். அப்போது தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளி ஆனது. சொல்லும் மாற வேண்டும், கூலியும் மாற வேண்டும். ஒன்று மட்டும் மாறினால் அது பாதி நியாயம்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். யாரும் கோபிக்க வேண்டாம். ஆராய்ச்சிக் கழகத்து ரப்பர்க் காடு இருந்த இடத்தில் இன்று குவாசா டாமான்சாரா என்ற நகரம் எழும்பி வருகிறது. 2016 டிசம்பரிலிருந்து எம்.ஆர்.டி. ரயில் ஓடுகிறது. கட்டடங்களிலும் தோட்டங்களிலும் வங்காளதேசத்தார், இந்தோனேசியர், நேபாளத்தார் வேலை செய்கிறார்கள். அவர்களை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? "டேய் பங்களா, இங்க வா!" நம் பாட்டனாரைப் பேர் சொல்லாமல் கூப்பிட்ட அதே அதட்டலை இன்று நம் வாயிலேயே கேட்கிறேன். அவருக்கும் தாய் வைத்த பேர் ஒன்று இருக்கும் அல்லவா? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நொடி போதும்.

என் பதில்

அடுத்த வாரம் அந்த இரண்டு மாணவர்களையும் கூப்பிட்டு என் பதிலைச் சொன்னேன். "கூலி கெட்ட வார்த்தை இல்லை. உழைச்சவங்களுக்கு வர வேண்டிய காசு அது. அதனால யாரும் வெட்கப்பட வேண்டாம். ஆனா அது ஆளோட பேரு இல்லை. அதனால யாரையும் அப்படிக் கூப்பிட வேண்டாம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேரு இருக்கு, அதைச் சொல்லிக் கூப்பிடுங்க." அழுதவன் தலையாட்டினான். கூப்பிட்டவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ நாங்க படிக்கிறதுக்குக் கூலி என்னா டீச்சர்?" என்றான். வகுப்பே சிரித்தது.

அவனுக்கான பதிலை இந்த மலரிலேயே எழுதலாம் என்று வைத்திருந்தேன். பரிசளிப்பு நாளன்று மேடையேறி நீங்கள் வாங்கும் புத்தகமும் கோப்பையும் வள்ளுவர் சொன்ன அதே கூலிதான். விடியற்காலையில் எழுந்து வாய்விட்டுப் படித்தீர்களே, வாய்பாடு வராமல் பத்துத் தடவை எழுதிப் பார்த்தீர்களே, அந்த உடல் வருத்தத்தின் கூலி அது. இவ்வாண்டு மேடை ஏறாத பிள்ளைகளும் மனம் தளர வேண்டாம். முயற்சியின் கூலி சில வேளைகளில் தாமதமாக வரும். தோட்டத்துச் சம்பள நாளுக்காகக் காத்திருந்த நம் பாட்டிமாருக்கு அது நன்றாகத் தெரியும்.

பரிசு வாங்கும் பிள்ளையின் பேரை ஒலிபெருக்கியில் முழுப்பேராக, தந்தை பேரோடு சேர்த்து அழைப்பார்கள். பெற்றோர்களே, அந்தப் பேர் மண்டபம் முழுவதும் கேட்கும்போது நன்றாகக் கைதட்டுங்கள். பேர் சொல்லி அழைக்கப்படாமலே உழைத்து மறைந்த நம் முன்னோர்களுக்கும் சேர்த்துத் தட்டுங்கள்.

வாழ்க உழைப்பு! வளர்க நம் பள்ளி!